460 குதிரைத்திறன் கூபே கார்... காஞ்சிபுரம் போய்வர எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்?

ஒரு கோடி ரூபாய் கார் சிக்னலில் நின்றாலும், பக்கத்து பைக்கில் இருப்பவர் கண்ணாடி வழியாகக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது ப்ரோ?" இன்ஸ்டா ரீல்ஸில் இதே கேள்வியைக் கேட்டால், "இந்த காரை வாங்குறவன் மைலேஜ் பார்ப்பானா?" என்று நாலு பேர் கலாய்ப்பார்கள். கலாய்க்கிறவர்களை விடுங்கள். கேள்வி நியாயமானதுதான்.

ஏன்னா, இந்த மாதிரி கார்களைப் புதுசாக வாங்குபவர்களுக்கு வேண்டுமானால் பெட்ரோல் செலவு பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் எட்டு, பத்து வருஷம் ஓடிய ஜெர்மன் கூபேக்கள் யூஸ்டு கார் மார்க்கெட்டுக்கு வரும்போது விலை சறுக்கிச் சறுக்கி ஒரு புது எஸ்யூவி விலைக்கு வந்து நிற்கும். அப்போது அதை வாங்குவது 28 வயசு ஐ.டி ஊழியர். மாசச் சம்பளம், வீட்டு வாடகை, அதோடு சின்ன வயசிலிருந்து போஸ்டரில் பார்த்த கார். விலை இறங்கும், காரின் தாகம் இறங்காது. அங்கேதான் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

கணக்குப் போட ஒரு கார் வேண்டும், ஒரு ரோடு வேண்டும். கார், பிஎம்டபிள்யூ எம்2. ரோடு, சென்னை கோயம்பேட்டிலிருந்து காஞ்சிபுரம் திருப்பருத்திக்குன்றம் வரை. கல்யாணப் பட்டு எடுக்க நம்ம எல்லார் வீட்டிலும் ஒரு தடவையாவது போன ரோடுதான். கடைத்தெருவோடு திரும்பிவிடாமல், வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் நெசவாளர் ஊர் வரைக்கும் போவோம். காரணம் பிறகு புரியும்.

பேப்பரில் உள்ள மைலேஜ்

முதலில் காரைப் பார்த்துவிடலாம். 2023-ல் இந்தியாவுக்கு வந்தபோது எம்2-வின் எக்ஸ்-ஷோரூம் விலை 98 லட்சம். இரண்டு கதவு. 3 லிட்டர், 6 சிலிண்டர், இரட்டை டர்போ பெட்ரோல் இன்ஜின், 460 குதிரைத்திறன். அடுத்த வருஷமே 480 ஆக்கி, விலையையும் ஒரு கோடிக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். டேங்க் 52 லிட்டர். ஆளோடு சேர்த்து எடை சுமார் 1,800 கிலோ. செங்கல்பட்டு பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-லிருந்து பிஎம்டபிள்யூ தொழிற்சாலை ஓடுகிறது. ஆனால் எம்2 அங்கே அசெம்பிள் ஆவதில்லை. முழுக் காராகக் கப்பலில் வருகிறது. விலை இவ்வளவு ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மைலேஜ்? ஐரோப்பிய டெஸ்ட் முறைப்படி 100 கிலோமீட்டருக்குச் சுமார் 10 லிட்டர். அதாவது லிட்டருக்கு 10 கி.மீ. அதே காரை அமெரிக்க அரசின் இபிஏ அமைப்பு அளந்தால், நகரத்தில் கேலனுக்கு 16 மைல், ஹைவேயில் 23, 24 மைல், இரண்டும் சேர்த்து 19 மைல். நம்ம கணக்கில் நகரத்தில் 6.8, ஹைவேயில் 10, சராசரி 8. ஒரே காருக்கு எப்படி இரண்டு ரிசல்ட்? யாரும் பொய் சொல்லவில்லை. டெஸ்ட் வேறு, அவ்வளவுதான்.

நம்ம ஊர் கார் விளம்பரத்தில் வரும் மைலேஜ் எம்ஐடிசி என்ற டெஸ்டில் கிடைப்பது. காரை ரோட்டில் ஓட்டுவதில்லை. லேபில் உருளைகள் மேல் நிறுத்தி, ஏற்கெனவே எழுதி வைத்த வேகப் பட்டியல்படி சுமார் 20 நிமிடம் ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 90 கி.மீ. ஏசி ஆஃப். மே மாசம் மதியம் ஏசி இல்லாமல் கறுப்பு கலர் கூபேயில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த டெஸ்டுக்கும் நம்ம வாழ்க்கைக்கும் எவ்வளவு தூரம் என்று. ஐரோப்பிய டெஸ்ட் 130 கி.மீ வேகத்தைத் தொடும். ஆனால் பூந்தமல்லி சிக்னல் அதில் இல்லை.

(வண்டிகளை இப்படிப் பரிசோதிக்கிற அரசு மையம் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஒரகடத்தில் இருக்கிறது. ஜிஏஆர்சி என்பார்கள். இந்தப் பக்கம் பட்டு மட்டும் இல்லை, ஹூண்டாய் முதல் ராயல் என்ஃபீல்டு வரை வரிசையாக நிற்கிற ஏரியா.)

460-ல் எவ்வளவு வேலை செய்கிறது?

சரி, கிளம்புவோம். கோயம்பேட்டிலிருந்து மதுரவாயல், பூந்தமல்லி. நெரிசலில் 50-க்குப் போவீர்கள், பிரேக் அடிப்பீர்கள், மறுபடியும் 50. இந்த இடத்தில் மைலேஜைத் தின்பது வேகம் இல்லை, எடை.

1,800 கிலோ காரை நின்ற இடத்திலிருந்து 50 கி.மீ வேகத்துக்குக் கொண்டுவர, தோராயமாக 25 மில்லியிலிருந்து 30 மில்லி பெட்ரோல் தேவை. ஒரு சின்ன டீ டம்ளரில் கால்வாசி. அடுத்த நொடியே ஆட்டோ குறுக்கே வருகிறது, பிரேக் அடிக்கிறீர்கள். அந்த 25 மில்லி முழுக்க பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு பிரேக்குக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல். ஆள் உட்கார்ந்த பைக்கின் எடை இந்தக் காரில் பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் அதே சிக்னலில் நின்று நின்று போனாலும் பைக்காரருக்கு வலிப்பதில்லை.

அடுத்தது சும்மா நிற்கும் நேரம். 3 லிட்டர் இன்ஜின், ஏசி ஓடிக்கொண்டு நின்றால் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும். சிக்னலில் தானாக ஆஃப் ஆகும் வசதி இருக்கிறது. ஆனால் நம்ம வெயிலில் கேபின் சூடானதும் ஏசிக்காக இன்ஜின் தானே எழுந்துகொள்ளும். பலர் அந்த பட்டனை முதல் வாரத்திலேயே ஆஃப் செய்துவிடுவார்கள்.

பூந்தமல்லி தாண்டியாச்சு. செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். ரோடு விரிகிறது. 80-ல் நிலையாகப் போகிறீர்கள். இப்போது ஒரு கேள்வி. 460 குதிரைகளில் எத்தனை இழுக்கின்றன?

கிட்டத்தட்ட பதினஞ்சு.

காற்றைத் தள்ள, டயர் உருள, அதோடு ஏசி, மின்சாரம் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் தேவை. பல்சர் 150 இன்ஜின் கொடுக்கிற சக்தி. மீதி 445 சும்மா தூங்குகின்றன. தூங்கினால் நல்லதுதானே, பெட்ரோல் மிச்சம்தானே என்று நினைப்பீர்கள். பிரச்னையே அதுதான். அவை சும்மா தூங்குவதில்லை, தீனி தின்றுகொண்டே தூங்குகின்றன. பெரிய இன்ஜினில் 6 பிஸ்டன்கள், அகலமான பேரிங்குகள், பெரிய ஆயில் பம்ப், வாட்டர் பம்ப். இவையெல்லாம் சுற்றும்போது வரும் உராய்வு, நீங்கள் 15 குதிரைத்திறன் எடுத்தாலும் 460 எடுத்தாலும் பெரிதாக மாறாது. காற்றை உள்ளே இழுக்கும் வாசலும் பாதிக்கு மேல் மூடியிருக்கும்; அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே இன்ஜின் மெனக்கெட வேண்டும். ரெண்டு பேருக்கு டீ போட கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றிய கதைதான். டீ ரெண்டு கப்தான். ஆனால் அண்டா சூடாகிற வரை கேஸ் எரிந்தாகணும்.

சின்ன கார் இதே 80-ல் போகும்போது, அதன் இன்ஜின் தன் பலத்தில் கணிசமான பகுதியை உபயோகிக்கிறது. அதனால் எரிந்த பெட்ரோலில் கூடுதல் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. எம்2-வில் 8-வது கியர் இருப்பதே இதற்காகத்தான். இன்ஜினை மெதுவாகச் சுற்றவிட்டு, கொஞ்சமாவது உழைக்க வைக்கிற வழி.

இப்படி 80, 90-ல் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 12 கி.மீ எதிர்பார்க்கலாம் என்பது என் கணக்கு. ஆச்சரியமாக இருக்கும். இருக்கட்டும், வலது காலை இன்னும் அழுத்தவில்லையே.

120-ல் என்ன ஆகும்?

வேகம் 80-லிருந்து 120 ஆனால் ஒன்றரை மடங்கு. காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு ஏறாது, ஒன்றரையின் வர்க்கம், அதாவது 2.25 மடங்கு ஏறும். தேவைப்படும் சக்தி 15-லிருந்து 35 குதிரைத்திறன் பக்கம் போய்விடும். நேரத்தில் நீங்கள் சேமிப்பது? பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் திருப்பம் வரை சுமார் 45 கி.மீ. 80-ல் 34 நிமிடம், 120-ல் 23 நிமிடம். நடுவில் லாரி, பஸ், குறுக்கே வரும் டூவீலர் எல்லாம் இருக்கையில் இந்த 11 நிமிடமும் பேப்பரில்தான். அதோடு கேமராவும் உண்டு. பெட்ரோலைவிட சலான் காஸ்ட்லி.

முழுசாக மிதித்தால்? 460 குதிரையும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர் தாராளமாகப் போகும். 52 லிட்டர் டேங்க் அரை மணி நேரம் தாங்காது. ரோட்டில் இதை யாரும் செய்ய முடியாது. அதற்கான இடம் இதே வழியில் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1990-ல் திறந்த ரேஸ் டிராக், ஒரு சுற்று 3.7 கி.மீ. டிராக் நாளில் லிட்டருக்கு 3 கி.மீ கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்.

இங்கே ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. 2008-ல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியில், டொயோட்டா ப்ரியஸை டிராக்கில் முழு வேகத்தில் 10 சுற்று ஓட்டினார்கள். பின்னாலேயே வி8 இன்ஜின் பிஎம்டபிள்யூ எம்3, அதை முந்தாமல் ஒட்டிக்கொண்டே வந்தது. மைலேஜுக்குப் பேர் போன ப்ரியஸ் கொடுத்தது, நம்ம கணக்கில் லிட்டருக்கு சுமார் 6.1 கி.மீ. எம்3 கொடுத்தது 6.9. ப்ரியஸ் மோசமான கார் என்று அர்த்தமில்லை. சின்ன இன்ஜினை மூச்சு முட்ட ஓட்டினால் அதுவும் குடிக்கும். பெரிய இன்ஜினுக்கு அந்த வேகம் வாக்கிங். டிவிக்காகப் பண்ணின டெஸ்ட்தான், ஆனால் ஓட்டும் விதம் மைலேஜை எவ்வளவு புரட்டிப்போடும் என்று காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தறிச் சத்தம் கேட்கிற தெருவில்

இப்போது நெடுஞ்சாலையை விட்டு காஞ்சிபுரத்துக்குள் திரும்புகிறோம். காந்தி ரோடு. ரெண்டு பக்கமும் பட்டுக் கடைகள், டூரிஸ்ட் வேன், வாசலிலேயே "வாங்க சார், தறியைக் காட்டுறேன்" என்று கூப்பிடுகிறவர்கள். முகூர்த்த மாசத்தில் இங்கே முதல் கியருக்கு மேலே வேலை இல்லை. அப்படியே பிள்ளையார்பாளையம் பக்கமாக நகர்ந்து திருப்பருத்திக்குன்றம்.

ஊர்ப் பேரிலேயே பருத்தி இருக்கிறது, நெய்வது பட்டு. சமணர்களின் ஜினகாஞ்சி இதுதான். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகரத் தளபதி இருகப்பர் 1387-ல் கட்டினார். மேற்கூரையில் தீர்த்தங்கரர் கதைகள் வரிசையாக ஓவியமாக இருக்கும். காஞ்சிபுரம் வருகிற பாதிப் பேர் இதைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள், பாவம்.

தெருக்கள் சின்னவை. எம்2-வின் பின் டயர் மட்டுமே 285 மில்லிமீட்டர் அகலம். எதிரே ஒரு டெம்போ வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். இங்கே லிட்டருக்கு 5 கி.மீ கிடைத்தால் பெரிசு. கோயிலுக்கு வெளியே நிறுத்தி, டிரைவர் ஏசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால் அந்த ஒரு லிட்டருக்கு மைலேஜ் பூஜ்யம். ஆன்-போர்டு கம்ப்யூட்டர் சராசரியை இழுத்துக் கீழே போடுகிற இடம் இதுதான். வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்து சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் உண்டு. கோளாறு ஒன்றும் இல்லை, நின்றதுக்கான பில் அது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனசில்லை. எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிட்டு இந்தத் தெருவில் ரெவ் பண்ணாதீங்க. வாசலை ஒட்டித்தான் தறி இருக்கும். இழை எண்ணி நெய்கிற வேலை.

மொத்தம் என்ன ஆச்சு? கோயம்பேடு முதல் பூந்தமல்லி வரை 14 கி.மீ, லிட்டருக்கு ஆறரை வைத்தால் 2.2 லிட்டர். ஹைவே 45 கி.மீ, 12 வைத்தால் 3.7 லிட்டர். ஊருக்குள் 8 கி.மீ, 5 வைத்தால் 1.6. ஆக 67 கி.மீ-க்கு ஏழரை லிட்டர். சராசரி லிட்டருக்கு 9 கி.மீ. போய்வர 15 லிட்டர், 1,500 ரூபாய். ஹைவேயில் விரட்டி 8 கி.மீ-தான் கிடைத்தது என்றால் இதுவே 1,900 ரூபாய்க்குப் போகும். 18 கொடுக்கிற ஒரு ஹேட்ச்பேக்கில் 750 ரூபாயில் முடிந்திருக்கும். பத்து மடங்கு விலையுள்ள கார், ரெண்டு மடங்கு பெட்ரோல்.

இ20 பெட்ரோல் என்ன செய்யும்?

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள எரிசக்தி, பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் 20 சதவிகிதக் கலப்பில் சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6, 7 சதவிகிதம் எரிசக்தி குறையும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும், இ20-க்காக வடிவமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் வரை குறையலாம் என்றது. அதற்கேற்ப டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவிகிதம்தான் என்றது.

யூஸ்டு கூபே வாங்குகிறவர் இந்த இடத்தில்தான் கவனிக்கணும். 2015, 2016 மாடல் கார் என்றால் அது பழைய பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. மைலேஜைவிட ரப்பர் ஹோஸ், சீல், ஃப்யூயல் பம்ப் ஆகியவை எத்தனாலைத் தாங்குமா என்பதுதான் பெரிய கேள்வி. பெட்ரோல் மூடியின் உள்பக்கம், ஓனர்ஸ் மேனுவல் இரண்டையும் பாருங்கள். எவ்வளவு எத்தனால் வரை ஓகே என்று அங்கே எழுதியிருக்கும்.

ஆக்டேன் வேறு விஷயம். டர்போ இன்ஜினில் அழுத்தம் அதிகம். ஆக்டேன் போதவில்லை என்றால் பெட்ரோல் நேரம் வருவதற்குள் தானாகப் பற்றிக்கொள்ளும். அதை சென்சார் மோப்பம் பிடித்து, ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும். இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், பவரும் மைலேஜும் கொஞ்சம் குறையும். அதனால்தான் இந்தக் கார்க்காரர்கள் பிரீமியம் பெட்ரோலைத் தேடிப் போகிறார்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 மாதிரி 100 ஆக்டேன் பெட்ரோல் விலை சாதாரண பெட்ரோலைவிட ரொம்பவே அதிகம். அதைப் போடுவதால் கூடும் மைலேஜ், கூடும் விலையை ஈடுகட்டாது. காஞ்சிபுரம் டிரைவுக்கு, உங்கள் கார் கம்பெனி சொன்ன குறைந்தபட்ச ஆக்டேனே போதும்.

அப்போ வாங்கலாமா?

வாரம் ஒருமுறை ஈசிஆர், மாசம் ஒருமுறை காஞ்சிபுரம் என்றால், வருஷத்துக்கு 5,000 கி.மீ. லிட்டருக்கு 8 வைத்தாலும் பெட்ரோல் 62,500 ரூபாய். நாலு டயர் மாற்றினால் அதுவே லட்சத்தைத் தாண்டும். இன்ஷூரன்ஸ், பிரேக், சர்வீஸ் தனி. இப்படி ஓட்டுகிறவருக்கு மைலேஜ் கடைசிக் கவலை.

ஆனால் அதே காரில் தினமும் ஆபீஸ் போகிறேன் என்றால் கதை வேறு. போய்வர 30 கி.மீ, சென்னை டிராஃபிக்கில் லிட்டருக்கு 6. தினமும் 5 லிட்டர், 500 ரூபாய். மாசம் 25 நாளுக்கு 12,500. காரின் இஎம்ஐ தனி. இங்கேதான் பல பேர் ஆறே மாசத்தில் ஓஎல்எக்ஸில் விளம்பரம் போடுகிறார்கள். 'சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்' என்று போட்டிருக்கும். விற்கும் காரணம் போட்டிருக்காது.

'ரீமேப் பண்ணினா பவரும் கூடும், மைலேஜும் கூடும்' என்று ஒரு குரூப் சுற்றுகிறது. பவர் கூடும். கூடின பவரை உபயோகிக்காமல் இருக்க முடிந்தால் மைலேஜும் கொஞ்சம் கூடலாம். உபயோகிக்காமல் இருக்கவா காசு கொடுத்து ரீமேப் பண்ணினீர்கள்?

கார் பார்க்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் டிஸ்ப்ளேயில் காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். ரீசெட் பண்ணி ஹைவேயில் நிதானமாக ஒரு ரவுண்டு போய்வந்தாலே அது 12, 13 என்று காட்டும். அதோடு அந்த டிஸ்ப்ளே பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். பழைய முறைதான் சரி. டேங்க் நிரம்பி பம்ப் தானாக நிற்கும் வரை போடுங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யம் ஆக்குங்கள். பாதி நகரம், பாதி ஹைவே என்று குறைந்தது 100 கி.மீ ஓட்டுங்கள். அதே பங்க், அதே பம்ப்பில் மறுபடி தானாக நிற்கும் வரை போட்டு, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். டயர் காற்று கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். காற்று குறைந்தால் மைலேஜும் குறையும்.

நகரமும் ஹைவேயும் கலந்து 8, 9 வந்தால் கார் சரியாக இருக்கிறது. 5, 6-தான் வருகிறது என்றால் ஆக்ஸிஜன் சென்சார், இன்ஜெக்டர், ஒட்டிக்கொண்டு நிற்கும் பிரேக் என்று மெக்கானிக்கிடம் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். விற்பவர் 100 கி.மீ டெஸ்ட் டிரைவுக்கே ஒத்துக்கொள்ளவில்லையா? அடுத்த காரைப் பாருங்கள்.